உணவும் உள்ளமும்



நான் கல்லூரியில் உயிர் வேதியியல் பயின்ற நாளில் செய்த சோதனைகளுள் ஒன்று இன்றும் என் கண்முன் நிற்கிறது. முட்டையின் வெண்கருவை நீரிற் கரைத்து, அதனோடு கிளையாக்சிலிக் அமிலத்தைச் சேர்த்து, சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அடர் கந்தக அமிலத்தைக் குழாயின் சுவரோரமாகத் துளித்துளியாக இறக்க வேண்டும். கனமான அமிலம் அடியில் தங்கும். இரண்டு திரவங்களும் கூடுகின்ற இடத்தில் ஓர் ஊதா வளையம் மெல்லத் தோன்றும். அடுத்த குழாயில் ஜெலட்டின் கரைசல் இருந்தது. அதற்கும் அவ்வாறே செய்தேன், வளையம் தோன்றவில்லை. என் கைத்தவறு என்றெண்ணி மும்முறை திரும்பச் செய்தேன். அருகில் வந்த ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "அதில் இல்லாத பொருளை எத்தனை முறை தேடினால் என்னப்பா, கிடைக்கவா போகிறது?" என்றார்.

வெண்கருவில் இருந்து ஜெலட்டினில் இல்லாத அந்தப் பொருளின் பெயர் டிரிப்டோபான். புரதங்கள் யாவும் இருபது வகை அமினோ அமிலங்களால் கோக்கப்பட்ட மாலைகள் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அவ்விருபதில் டிரிப்டோபானும் ஒன்று. நம் உடல் இதனைத் தானே ஆக்கிக்கொள்ள வல்லதன்று. உண்ணும் உணவே கொண்டுவந்து தரவேண்டும். மனநிலையோடு தொடர்புபடுத்தி இக்காலத்தில் அடிக்கடி பேசப்படும் செரோட்டோனின் என்னும் பொருளை நம் உடல் இந்த ஒன்றிலிருந்துதான் ஆக்குகிறது. வேறு மூலப்பொருள் அதற்கு இல்லை. ஆகவே, "உள்ளத்தின் நலம் உண்ணும் உணவைச் சார்ந்ததா?" என்ற பழைய வினாவுக்கு விடை தேடிய வரலாற்றில், இப்பொருளுக்குத் தனியிடம் உண்டு. அவ்வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிரடெரிக் கவுலண்ட் ஹாப்கின்ஸ் என்ற பேரறிஞர் மாணவர்களுக்குப் புரதச் சோதனை ஒன்றைக் கற்பித்து வந்தார். அசெட்டிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்த்தால் புரதம் ஊதா நிறம் காட்டும் என்பது அக்காலப் பாடம். ஒருநாள் வகுப்பில் ஒரு மாணவருக்கு அந்நிறம் வரவில்லை. ஹாப்கின்ஸ் அம்மாணவரைக் கடிந்துகொள்ளவில்லை, காரணத்தைத் தேடினார். அன்று பயன்படுத்திய அசெட்டிக் அமிலம் மிகத் தூய்மையாக இருந்ததே காரணம்! நிறத்தைத் தருவது அசெட்டிக் அமிலமன்று, அதில் மாசாகக் கலந்திருந்த கிளையாக்சிலிக் அமிலமே என்பது தெளிவாயிற்று. அந்நூலைப் பற்றிக்கொண்டே சென்று, 1901-ஆம் ஆண்டில் அவரும் சிட்னி கோல் என்பவரும் டிரிப்டோபானைத் தனியே பிரித்தெடுத்தனர். பலிக்காத சோதனையும் சிலவேளை பயன் தரும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. (என் ஜெலட்டின் குழாய்க்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.)

ஹாப்கின்ஸ் அத்துடன் நிற்கவில்லை. மக்காச்சோளத்தில் சீன் என்றொரு புரதம் உண்டு. அதில் டிரிப்டோபான் இல்லை. 1906-இல் அவரும் எடித் வில்காக் என்ற அம்மையாரும் சுண்டெலிகளுக்கு அப்புரதத்தை மட்டும் தந்து வளர்த்தனர். எலிகள் சோம்பி, ஒடுங்கி, சில நாட்களில் மாண்டன. அதே உணவுடன் டிரிப்டோபானைச் சேர்த்துத் தந்தபோது, வளர்ச்சி கூடாவிடினும் எலிகள் சுறுசுறுப்புடன் நெடுநாள் உயிர்வாழ்ந்தன. எடை கூடவில்லை, ஆனால் ஊக்கம் இருந்தது. இது ஹாப்கின்ஸைச் சிந்திக்க வைத்தது. உடற்சுவரைக் கட்டும் செங்கல்லாக மட்டுமன்றி, அட்ரினலினைப் போன்ற ஏதோவொரு இன்றியமையாப் பொருளை உடல் ஆக்கிக்கொள்வதற்கும் டிரிப்டோபான் மூலமாகலாம் என்று அவர் கருதினார். அப்படிப்பட்ட பொருள் ஒன்று கண்டுபிடிக்கப்பட மேலும் நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

இனி எலிகளை விட்டு மனிதரிடம் வருவோம். மக்காச்சோளத்தையே பெரும்பாலும் உண்டு வாழ்ந்த மக்களிடையே ஐரோப்பாவில் ஒரு கொடிய நோய் பரவியிருந்தது. 1735-இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் காஸ்பர் கசால் அதனை முதலில் குறித்து வைத்தார். 1771-இல் இத்தாலியைச் சேர்ந்த பிராப்போல்லி அதற்குப் 'பெல்லக்ரா' என்று பெயரிட்டு எழுதினார். சொரசொரப்பான தோல் என்பது அதன் பொருள். வெயில் படும் இடங்களில் தோல் கருகிச் செதில் செதிலாக உரியும். வயிற்றுப்போக்கு காணும். பிறகு மனம் கெடும். நோயின் தொடக்கத்திலேயே உறக்கமின்மை, எரிச்சல், காரணமற்ற அச்சம், ஓயாத துயரம் ஆகியவை தலைகாட்டும்; முற்றினால் சித்தம் கலங்கும். வட இத்தாலியின் மனநோய் விடுதிகளில் இத்தகைய உழவர் பலர் அடைபட்டுக் கிடந்தனர். இவர்களுக்கு உணவில் குறை என்று எவர் நினைத்திருப்பார்? பித்தர் என்றே உலகம் அவர்களை ஒதுக்கியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நோய் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பெருகியது. 1906-இல் அலபாமா மாநிலத்து மனநோய் மருத்துவமனை ஒன்றில் அது கூட்டங்கூட்டமாக நோயாளிகளைத் தாக்கியதை ஜார்ஜ் சியர்சி என்ற மருத்துவர் மறு ஆண்டில் எழுதி வெளியிட்டார். அதன்பின் மாநிலத்துக்கு மாநிலம் செய்தி வந்தது. பருத்தி விலை தந்த காலம் அது. வீட்டு வாசற்படி வரை பருத்தியே பயிரிட்டனர். குத்தகை உழவன் வீட்டில் காய்கறித் தோட்டத்துக்கு இடமில்லை. மாடு வளர்க்கவும் வழியில்லை. மக்காச்சோள மாவு, உப்பிட்ட பன்றிக் கொழுப்பு, வெல்லப்பாகு இவையே மூன்று வேளையும். 1940 வரை ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாயினர் என்றும், ஓர் இலட்சம் பேர் மாண்டனர் என்றும் மதிப்பிடுவர்.

இது தொற்றுநோய் என்றே அறிஞர் பலர் உறுதியாக நம்பினர். 1914-இல் அரசாங்கம் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவரை அனுப்பியது. ஹங்கேரியிலிருந்து நியூயார்க்கில் குடியேறிய ஏழை யூதக் குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். மனநோய் விடுதிகளையும் அனாதை இல்லங்களையும் அவர் சுற்றிப் பார்த்தார். அவர் கண்ட உண்மை மிக எளியது. நோயாளிகளுடனேயே இரவும் பகலும் பழகும் தாதியரும் பணியாளரும் பெல்லக்ராவுக்கு ஆளாவதில்லை! தொற்று என்றால் அது ஏன் அவர்களைத் தொடவில்லை? அனாதை இல்லத்தில் ஆறு வயது முதல் பன்னிரண்டு வரையுள்ள பிள்ளைகளுக்கே நோய் மிகுதி. சிறு குழந்தைகளுக்குப் பால் கிடைத்தது. பெரிய பிள்ளைகள் வேலை செய்வதால் அவர்களுக்கு இறைச்சி கிடைத்தது. நடுவிலிருந்த பிள்ளைகளுக்கு இரண்டும் இல்லை. அவர் பாலும் முட்டையும் இறைச்சியும் அவரையினப் பயறும் தரச் செய்தார். நோய் அகன்றது.

மறுப்பாளர் வாய் அடங்கவில்லை. 1915-இல் மிசிசிப்பி மாநிலத்துச் சிறைப்பண்ணையில் விடுதலை பெறும் உறுதிமொழியின் பேரில் முன்வந்த கைதிகளுக்கு மக்காச்சோளமும் மாவுப் பண்டங்களும் பாகுமே உணவாகத் தரப்பட்டன. சில திங்களில் பதினொருவருள் அறுவருக்குப் பெல்லக்ரா கண்டது. உயிருள்ள மனிதருக்கு வேண்டுமென்றே நோயை வருவித்த இச்செயலை இன்றைய மருத்துவ அறம் ஒப்பாது. எனக்கும் அது உவப்பானதன்று. எனினும் கோல்ட்பெர்கர் பிறர் உடலை மட்டும் பணயம் வைத்தவர் அல்லர். 1916-இல் அவரும் நண்பர்களும் நோயாளிகளின் குருதியைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டனர். அவர்களுடைய கழிவுகளையும் தோற்செதில்களையும் மாவில் பிசைந்து விழுங்கினர். அவர் மனைவி மேரி அம்மையாரும் நோயாளியின் குருதியை ஊசி மூலம் ஏற்றுக்கொண்டார். எவருக்கும் பெல்லக்ரா வரவில்லை. அதற்குப் பின்னும் தென்மாநிலத் தலைவர்களுக்கு அவர் கூற்றுக் கசந்தது. தொற்றுநோய் என்றால் பழி கிருமியின் மேல் விழும். உணவுக் குறை என்றால் பழி வறுமையின் மேலன்றோ விழும்?

கோல்ட்பெர்கர் 1922-இல் டிரிப்டோபானைப் பெல்லக்ரா நோயாளிக்குத் தந்து நலம் கண்டார் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. அவர் இலக்கின் வாயிலிலேயே நின்றிருந்தார். ஆயினும் ஈஸ்ட் போன்ற மலிவான பொருளிலும் மருந்துக் குணம் இருக்கக் கண்டு, அதில் உள்ள வைட்டமின் யாதென்று தேடத் தொடங்கினார், 1929-இல் காலமானார். 1937-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கான்ராட் எல்வேஜெம் அந்த வைட்டமின் நிகோட்டினிக் அமிலமே எனக் காட்டினார். நியாசின் என்று இன்று சொல்வது அதனைத்தான். அதனைப் பெற்ற நோயாளிகளிடம் நிகழ்ந்த மாற்றம் மருத்துவர்களையே வியக்கவைத்தது. பிதற்றிக்கொண்டும் மிரண்டுகொண்டும் கிடந்தவர்கள் சில நாட்களில் தெளிந்து, உற்றாரை அடையாளம் கண்டு பேசினர். சித்தம் கலங்கியவர் என்று பூட்டி வைக்கப்பட்ட மனிதருக்குத் தேவைப்பட்டது சில மில்லிகிராம் எடையுள்ள ஒரு பொருள்தான்.

ஆனால் ஒரு புதிர் எஞ்சியிருந்தது. பாலில் நியாசின் மிகக் குறைவு. எனினும் பால் பெல்லக்ராவைத் தடுக்கிறது. எப்படி? 1945-இல் எல்வேஜெமின் ஆய்வுக்கூடத்தில் கிரெல், டெப்ளி என்பவர்களோடு சர்மா என்ற நம் நாட்டவரும் சேர்ந்து இதற்கு விடை கண்டனர். உடல் டிரிப்டோபானிலிருந்தே நியாசினை ஆக்கிக்கொள்ளும். ஏறத்தாழ அறுபது மில்லிகிராம் டிரிப்டோபானிலிருந்து ஒரு மில்லிகிராம் நியாசின் கிடைக்கும் என்று பின்னர் கணித்தனர். மக்காச்சோளத்திலோ டிரிப்டோபானும் குறைவு. இருக்கும் நியாசினும் எளிதில் செரிக்காதபடி பிணைந்து கிடக்கிறது. மெக்சிகோ நாட்டுப் பழங்குடியினர் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அப்பிணைப்பை அவிழ்க்கும் முறையைப் பண்டே அறிந்திருந்தனர். ஐரோப்பியர் தானியத்தைக் கொண்டு சென்றனர்; சமையலை விட்டுச் சென்றனர்.

இப்பொழுது செரோட்டோனினுக்கு வருவோம். 1948-இல் கிளீவ்லண்டு நகரில் மாரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் ஆகிய மூவர் குருதிநீரில் இரத்தக்குழாயைச் சுருக்கும் பொருளொன்றைப் பிரித்தெடுத்துச் செரோட்டோனின் என்று பெயரிட்டனர். அவர்கள் தேடியது மிகை இரத்த அழுத்தத்தின் காரணத்தை. மனத்தைப் பற்றி எவரும் நினைக்கவில்லை. இத்தாலியில் எர்ஸ்பாமர் என்பவர் குடலிலிருந்து முன்னரே பிரித்து வேறு பெயரிட்டிருந்த பொருளும் இதுவே எனப் பின்னர் தெரிந்தது. உடலிலுள்ள செரோட்டோனினில் பத்தில் ஒன்பது பங்கு இன்றும் குடலில்தான் இருக்கிறது. 1953-இல் பெட்டி டுவாரோக் என்ற இளம் பெண் விஞ்ஞானி, கிளிஞ்சல் இனத்து உயிர்களின் தசையை ஆராய்ந்துவந்தவர், பாலூட்டிகளின் மூளையிலும் அது உண்டென்று பேஜுடன் சேர்ந்து காட்டினார். அன்றுதான் மனநோய் ஆராய்ச்சியில் அப்பெயர் நுழைந்தது.

அதற்கு வழிவகுத்த மற்றொன்று நம் நாட்டு மூலிகையாகிய சர்ப்பகந்தி. கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் போஸ் ஆகியோர் 1931-இல் அதன் குணங்களை எழுதினர். பம்பாயில் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் இரத்த அழுத்தத்துக்கு அது தரும் பயனை உலகறியச் செய்தார். அதிலிருந்து 1952-இல் பிரித்தெடுக்கப்பட்ட ரிசர்ப்பின் என்னும் மருந்தை உண்ட சிலர் கடும் மனச்சோர்வுற்றனர். அம்மருந்து செரோட்டோனினை அதன் சேமிப்பிடங்களிலிருந்து வெளியேற்றிவிடுவதை 1955-இல் பிளெட்ஷர், ஷோர், பிராடி ஆகியோர் கண்டனர். செரோட்டோனின் குறைந்தால் மனம் தளரும் என்ற கொள்கை இவ்வாறு உருப்பெற்றது. 1963-இல் இங்கிலாந்தில் அலெக் காப்பனும் அவர் துணைவரும், மனச்சோர்வுக்குத் தரும் ஒருவகை மருந்துடன் டிரிப்டோபானைச் சேர்த்துத் தந்தால் நலம் மிகுவதாகக் கண்டனர். மூலப்பொருளை மிகுத்தால் மனநிலை மாறும் என்பதற்கு அது ஒரு சான்றாக நின்றது.

இவ்விரு வழிகளும் ஒன்றுகூடிய இடம் ஐதராபாத். சேலத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் பயின்ற கோபாலன் அங்கிருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர். தக்காணத்தில் மக்காச்சோளம் உண்ணாதவர்களிடையேயும் பெல்லக்ரா காணப்பட்டது. அவர்கள் உண்டது நாம் நன்கறிந்த சோளம். சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் என்ற அமினோ அமிலம் டிரிப்டோபானின் பயனைக் கெடுக்கிறது என்று அவரும் ஸ்ரீகண்டையாவும் 1960-இல் எழுதினர். இவ்விளக்கத்தைப் பிற்காலத்தில் அறிஞர் சிலர் ஏற்கவில்லை, வழக்கு முடிந்தபாடில்லை. ஆனால் அதே கூடத்திலிருந்து 1970-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு நம் பொருளுக்கு மிக நெருங்கியது. பெல்லக்ரா நோயாளிகளின் மனமாற்றங்களையும், அவர்களது குருதித் தட்டணுக்களில் உள்ள செரோட்டோனினையும் கமலா கிருஷ்ணசாமியும் ரமணமூர்த்தியும் ஒருங்கே ஆராய்ந்தனர். உள்ளம் சோர்ந்த நோயாளிகளிடம் செரோட்டோனின் குறைந்திருந்தது. ஒரே மூலப்பொருளை உடற்புரதமும் நியாசினும் செரோட்டோனினும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கையில், வரவு குறைந்தால் செலவு எங்கேனும் இடிக்கத்தானே செய்யும்? எனினும், தட்டணு என்பது மூளையன்று. பெல்லக்ராவின் மனக்கலக்கத்துக்குத் தலையாய காரணம் நியாசின் இன்மையே என்பதையும் மறந்துவிடலாகாது.

செரோட்டோனின் ஆக்கப்படும் முறையைச் சிறிது விளக்கினால் அடுத்த செய்தி புரியும். குருதிக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு. செரோட்டோனின் அதனைக் கடவாது, டிரிப்டோபான் கடக்கும். ஆகவே மூளை தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கிக்கொள்கிறது. ஆனால் டிரிப்டோபான் நுழையும் வாயிலிலேயே லியூசின் முதலிய வேறு பெரிய அமினோ அமிலங்களும் நெருக்கியடித்து நிற்கின்றன. திருவிழாக் கூட்டத்தில் குறுகிய வாயிலில் நுழைவது போன்ற போட்டி அது. உள்ளே சென்றபின் ஒரு நொதி டிரிப்டோபானுடன் ஆக்சிஜனைச் சேர்க்கிறது. மற்றொரு நொதி, வைட்டமின் பி6-இன் துணையோடு, அதனைச் செரோட்டோனினாக முடிக்கிறது. முதல் நொதி தன் முழுத் திறனோடு எப்போதும் இயங்குவதில்லை. வருகின்ற டிரிப்டோபானின் அளவே அதன் வேலையைக் கட்டுப்படுத்துகிறது.

இதனை வைத்தே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் டெல்காடோ என்பவரும் அவர் துணைவரும் 1990-இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். மருந்தால் மனச்சோர்வு நீங்கியிருந்த இருபத்தொருவருக்கு, டிரிப்டோபான் மட்டும் நீங்கலாக மற்ற அமினோ அமிலங்கள் அடங்கிய பானத்தைக் கொடுத்தனர். சில மணி நேரத்தில் பதினால்வருக்குப் பழைய சோர்வு திரும்பியது. வழக்கமான உணவுக்கு மீண்டதும் ஓரிரு நாளில் தெளிந்தனர். இதைக் கேட்கும்போது, மனம் அப்பானத்தின் கையிலா இருக்கிறது என்று நமக்குத் திகைப்பாக இருக்கிறது. ஆனால் ஒருபோதும் மனச்சோர்வு கண்டிராத மனிதருக்கு இதே பானத்தைத் தந்தபோது பெரும்பாலும் யாதொரு மாறுதலும் நேரவில்லை. ஆகவே மூலப்பொருள் குறைந்தால் எல்லாரும் சோர்வுறுவர் என்பது பிழை. சிலர் மனம் அக்குறையைத் தாங்குகிறது, சிலர் மனம் தாங்கவில்லை. ஏன் என்பதற்கு இன்னும் முழு விடை இல்லை. மனச்சோர்வுற்றோரிடம் செரோட்டோனின் குறைவு என்பதற்கு ஒருமித்த சான்று இல்லை என்று 2022-இல் லண்டனைச் சேர்ந்த மாங்க்ரீஃப் முதலியோர் பழைய ஆய்வுகளைத் தொகுத்துக் கூறினர். அதனை மறுப்போரும் உளர். இவ்வாதத்தைக் கேட்டு, மருத்துவர் தந்த மருந்தை எவரும் தாமே நிறுத்திவிடக் கூடாது. கொள்கை ஐயத்துக்கு உரியதாயினும், மருந்து பலருக்குப் பயன்படுகிறது.

மாணவர் ஒருவர் என்னிடம், "வாழைப்பழத்தில் செரோட்டோனின் உண்டாமே, தேர்வுக்காலத்தில் தின்றால் மனம் தெளியுமா?" என்று கேட்டார். வாழைப்பழத்தில் அது உண்டு என்பது உண்மைதான். ஆயினும் சற்றுமுன் சொன்ன தடுப்பு அதனை மூளைக்குள் விடாது. பசிக்குத் தின்னலாம், தடையில்லை. அவ்வாறாயின் டிரிப்டோபானையே மாத்திரையாக விழுங்கினால் என்ன என்று கேட்கத் தோன்றும். உறக்கத்துக்கும் மனத்தெளிவுக்கும் என்று அமெரிக்காவில் அப்படித்தான் விழுங்கினர். 1989-இல் தாங்கவியலாத தசைவலியுடன் ஒரு புதுநோய் தோன்றியது. 1500-க்கும் மேற்பட்டோர் அதற்கு ஆளாயினர். முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். உற்பத்தியாளர் ஒருவரிடமிருந்து வந்த சரக்கோடு அந்நோய் தொடர்புடையதெனப் புலனாய்ந்து விற்பனையை நிறுத்தினர்.

பருப்பும் பாலும் முட்டையும் நிலக்கடலையும் எள்ளும் அளவோடு கிடைக்கும் வீட்டில் டிரிப்டோபான் குறைவதற்கு இடமில்லை. அத்தகைய வீட்டில் ஒருவர் பல வாரம் உறக்கமின்றி, உற்சாகமின்றி வாடினால், தட்டில் குறை தேடிக்கொண்டிராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். தட்டே வெறுமையாக உள்ள இடத்தின் நிலை வேறு. 1990-இல் மொசாம்பிக் நாட்டுப் போருக்கு அஞ்சி மலாவியில் தங்கியிருந்த அகதிகளுக்கு மக்காச்சோளமே முதன்மை உணவாக வழங்கப்பட்டது. அதனோடு வந்துகொண்டிருந்த நிலக்கடலை வழங்கல் தடைப்பட்டது. சில திங்களுக்குள் அம்முகாம்களில் 18,000-க்கும் மேற்பட்டோருக்குப் பெல்லக்ரா கண்டது.